கை போகும் இடம்

இரண்டாவது உலகச் சண்டை தொடங்கிய பிறகு வந்த ஒரு தை மாதத்தில், வைத்தியம் முடிந்து நான் மலைக்குத் திரும்பினேன். அடிவாரத்தில் காரவள்ளி வரைக்கும் மாட்டு வண்டி. அங்கிருந்து மேலே ஏற என் வீட்டுக்காரர் டோலிக்குச் சொல்லி வைத்திருந்தார். நடந்தே வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. பாதி வழியில் ஒரு சுனைக்குப் பக்கத்தில் ஆட்கள் டோலியை இறக்கி வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். வெறும் டோலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எனக்குப் பின்னால் வந்தார்கள்.

அவர், மலைமேல் சந்தை கூடுகிற சோளக்காட்டுக்குப் பக்கத்து ஊரில் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் எட்டாவது வரை படித்தவள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவர் ஒருவரால் முடியாததால் நான் போய் உட்கார்ந்தேன். எங்களுக்கு ஒரே பெண். இரண்டு பேருமே அடிவாரத்து ஆட்கள்தான், ஆனால் கல்யாணமான மறு வருஷமே மேலே வந்துவிட்டோம்.

கட்டி இடது மார்பில் இருந்தது. புளியங்கொட்டை அளவு, வலி கிடையாது. வலி இல்லாததால் ஒரு மழைக்காலம் முழுக்க அதைச் சட்டை செய்யாமல் இருந்தேன். கீழே மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மறு நாளே வந்து படுத்துக்கொள்ளச் சொன்னார். மார்பை முழுசாக எடுத்தார், அக்குளில் இருந்த கழலைகளையும் சேர்த்து. பிறகு பட்டணத்துக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள். ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கீழே படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். இயந்திரம் மட்டும் உறுமும். கடைசி நாட்களில் அந்த இடத்துத் தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்துப்போயிருந்தது.

அந்த மாதங்களில் நான் அதிகம் பயப்படவில்லை. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலையில் ஒரு நர்ஸ் வந்து எழுந்திரு என்பாள், இன்னொருத்தி இங்கே படு என்பாள், மூன்றாவது ஆள் மூச்சை இழு என்பார். எல்லாவற்றையும் யாரோ சொன்னார்கள், நான் செய்தேன். பயப்பட எனக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

கடைசியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். புத்தகத்தில் படித்த தமிழில்தான் பேசுவார்.

“வைத்தியம் முடிந்தது” என்றார்.

“குணமாயிருச்சுங்களா?”

“வைத்தியம் முடிந்தது. இனிமேல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.”

“எதைப் பாக்கோணுமுங்க?”

“மறுபடி கட்டி வருகிறதா என்று. தழும்பில், அக்குளில், கழுத்தில், மற்றப் பக்கத்தில்.”

“எது வரைக்குமுங்க?”

“சில வருடங்கள்” என்றார். பிறகு, சுவரில் விரல்களை வைத்து எறும்பு மாதிரி மேலே மேலே ஏற்றச் சொன்னார். கை முடங்கிப்போகாமல் இருக்க அது ஒரு பயிற்சி. விரல் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பது எனக்கு வண்டியில் வரும்போதுதான் உறைத்தது.

மலைக்கு வந்த பிறகு என் வலது கைக்குப் புதிதாக ஒரு வேலை வந்துவிட்டது. அது நேராக இடது அக்குளுக்குப் போகும். அங்கிருந்து தழும்பு வழியாக நடுமார்புக்கு வரும், பிறகு கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற பள்ளம். சாமையில் கல் பொறுக்கும்போது போகும். அடுப்பு ஊதும்போது போகும். நான் அனுப்புவதில்லை, அதுவாகப் போனது. எதுவும் தட்டுப்படாவிட்டால் ஒரு மூச்சு விடுகிற நேரம் நிம்மதியாக இருக்கும். பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று தோன்றும். மறுபடி போகும்.

இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மாலையானால் வீங்கிக்கொள்ளும். உலக்கை பிடிக்க முடியாது. என் பெண்ணுக்குத் தலை பின்ன முடியாது. பின்னுவதற்கு இரண்டு கையும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும் என்பதை அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் பின்னக் கற்றுக்கொண்டார். முதல் சில நாள் பின்னல் காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது. பெண் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் வந்தாள். போகப் போக என்னைவிட இறுக்கமாகப் பின்னினார்.

பார்க்க வந்தவர்கள் வேலிப் படலுக்கு வெளியே நின்றே பேசினார்கள். “சரியாப் போச்சுங்களா வாத்தியாரம்மா?” என்று எல்லோரும் கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் பொய் சொன்ன மாதிரி இருந்தது. தெரியாது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்டவரின் முகத்தைப் பார்த்தபோது, நான் அவரிடம் ஏதோ கனமான சாமானைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன மாதிரி தெரிந்தது. அதன் பிறகு “பரவாயில்லீங்க” என்று சொல்லப் பழகினேன். சிலர் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. காரணம் கேட்டால் ஆடு மேய்க்க ஆளில்லை என்றார்கள்.

உண்மைக் காரணத்தை என் முகத்துக்கு நேரே சொன்னவள் ஒருத்திதான். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காடு அவர்களுடையது. மேட்டில் சாமையும் கேழ்வரகும், சரிவில் பலா மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளும். என் வயதுதான் இருக்கும். நான்கு பிள்ளைகள். எங்கள் வீட்டுச் சாமையை வெகு காலமாக அவள்தான் குத்திக் கொடுப்பாள், அவள் பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். நான் திரும்பி வந்த பிறகு, குத்திய அரிசியை வேலியோரத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

“ஏம்மா, உள்ள வந்தா என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“புத்துநோவு ஒட்டிக்குமுன்னு எங்கூட்டுல சொல்றாங்க” என்றாள். “எனக்குத் தெரியாதுங்க. ஆனா புள்ளைங்க இருக்குதில்லீங்களா?”

சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டாள். மற்றவர்கள்மேல் இருந்த வருத்தம் எனக்கு அவள்மேல் இல்லை.

வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அவர் அதை ‘அது’ என்றுகூடச் சொல்லமாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, கீழ்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

“எதுக்குங்க?”

“கீழ போயிட்டா எல்லாத்துக்கும் வசதி.”

“எல்லாத்துக்கும்னா?”

அவர் ரசம் கேட்டார். ஊற்றினேன்.

அப்போது முதுகு வலி ஒன்று வந்து சில வாரம் இருந்தது. தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் ஒரே இடுப்பில் தூக்கியதால் வந்த வலி. ஆனால் பட்டணத்து ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண் ஒருத்தி, அது எலும்புக்குப் போகும் என்று சொல்லியிருந்தாள். அதனால் முதுகு வலியை முதுகு வலியாக நினைக்க என்னால் முடியவில்லை. குடத்தைச் சின்னதாக மாற்றிக்கொண்டேன், வலி போய்விட்டது. போன பிறகும் பல நாள் அந்த இடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தது கொஞ்சம் பிள்ளைகள்தான். நான் ‘அ’ என்றேன், அவர்கள் ‘அ’ என்றார்கள். நான் ‘ஆ’ என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை தன் வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு ‘ஆ’ என்றது. பக்கத்துப் பிள்ளையும் அப்படியே செய்தது. பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் கையை அக்குளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலி இல்லை. எழுத்தோடு அதுவும் ஒரு பாடம் என்று நினைத்துக்கொண்டார்கள். என் கையும் அங்கேதான் இருந்தது.

கையை எடுத்து மடியில் வைத்தேன். பிள்ளைகளும் எடுத்து மடியில் வைத்தார்கள். ‘இ’ என்றேன்.

அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சந்தை நாளில் குளிக்கும்போது மட்டும் பார்ப்பது, மற்ற நாளில் தொடுவதில்லை. ஏன் சந்தை நாள் என்றால், அன்று சோளக்காட்டுக்குப் போக வேண்டியிருக்கும், வேலை நிறைய, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்க முடியாது. முதலில் கை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஒரு சிலேட்டுக் குச்சியை அதற்குப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தேன். வீட்டில் கரண்டி. பயம் குறைந்தது என்று சொல்லமாட்டேன். வாரம் முழுக்கச் சிந்திக்கொண்டிருந்தது ஒரு பாத்திரத்துக்குள் வந்தது, அவ்வளவுதான். சந்தை நாள் காலையில் எனக்குச் சோறு இறங்காது. குளித்து முடித்துத் துணி மாற்றியதும் பசிக்கும்.

இப்படிக் கொஞ்ச காலம் போனது. ஆடி முடிந்து ஒரு சந்தை நாளில், தழும்பின் கீழ்ஓரத்தில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. மிளகு அளவு. அசையவில்லை. தண்ணீரை ஊற்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன், இருந்தது. குளித்து முடித்தேன். அன்று சந்தைக்குப் போய் உப்பும் மிளகாயும் வாங்கினேன். மண்ணெண்ணெய் வரவில்லை என்று கடைக்காரர் சொன்னதற்கு மற்ற பெண்களோடு சேர்ந்து நானும் அவரிடம் சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து சமைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த சில நாட்களுக்குள் ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரி வந்தாள். வேலிக் கல்லருகே நிற்காமல் படலைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்துவிட்டாள்.

“ஊட்டுல யாருமில்லீங்களே?”

“பள்ளிக்கூடத்துல இருக்காங்க.”

கதவைப் பாதி சாத்தினாள். முந்தானையை விலக்கினாள். “இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?”

வலது மார்பின் மேல்பக்கம். தொட்டேன். இலந்தைப் பழம் அளவு இருந்தது. விரலுக்குக் கீழே நழுவியது. என்னுடையது நழுவவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

“எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. டாக்டரம்மாகிட்டப் போலாம்.”

“அறுத்துருவாங்களா?”

“அறுக்கலாம்.”

“அறுத்தா சரியாப் போயிருமா?”

என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி, டாக்டரம்மாவிடம் நான் கேட்ட கேள்வி. “நான் அறுத்துக்கிட்டேன். இன்னைக்கு உன் முன்னால நிக்கறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியல” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஊட்டுல சொல்லலீங்க. சொன்னா, உங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிச்சும்பாங்க. உங்களுக்குத் துணைக்குப் போறேன்னு சொல்லிட்டு வாரேன்” என்றாள்.

நான் என் வீட்டில், டாக்டரம்மா வரச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது, துணைக்கு அவள் வருகிறாள் என்றேன். இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள்.

விடியலில் இறங்கினோம். அடிவாரத்தில் என் அக்கா வீட்டில் தங்கிவிட்டு மறு நாள் காலையில் பஸ் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு கட்டி, கரியைப் போட்டு அந்தப் புகையில் ஓட்டினார்கள். அவள் அதற்கு முன் பஸ்ஸில் ஏறியதில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மேட்டில் ஏற முடியாமல் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்புக்குத் துருத்தி சுற்றினான். நாங்கள் எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம்.

“வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இத்தன மாசமா உங்களுக்கு எப்படிங்க தூக்கம் வருது? எனக்கு இத தொட்டுப் பாத்ததுல இருந்து கண்ணே மூடல.”

“சில நாள் வரும். சில நாள் வராது.” அப்புறம் சொல்லிவிட்டேன். “எனக்கும் ஒண்ணு வந்திருக்குது. தழும்புக்குக் கீழ.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எப்ப?”

“நீ வர்றதுக்கு முன்னாலயே.”

“ஊட்டுல சொன்னீங்களா?”

“இல்ல.”

“நல்லா இருக்குதுங்க!” என்றாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “மலையில இருந்து இறங்கறப்ப பூராவும், பயப்படாத பயப்படாதன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்களே. நானும் உங்களுக்குத் தெகிரியம் ஜாஸ்தின்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

“உனக்குச் சொன்னது எனக்கும் கேக்குமில்ல?”

அவள் சிரிக்கவில்லை. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் கூப்பிட்டதும் போய் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் அவளை முதலில் பார்த்தார்கள். நானும் உள்ளே நின்றேன். டாக்டரம்மா கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஊசி குத்தி இழுத்தார். ஊசிக்குழாயில் வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி ஒன்று ஏறியது. கட்டி அமுங்கிப்போனது. “தண்ணீர்க் கட்டி. அந்த நோய் இல்லை. வீட்டுக்குப் போகலாம்” என்றார். அவ்வளவு நேரம்தான் ஆனது. அவள் நம்பாமல் தன் மார்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. இனி இந்த வரிசையில் நான் மட்டும்தான் என்று தோன்றியது. சந்தோஷம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

என் தழும்பை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார். “உள்ளே தைத்த நூலின் முடிச்சாக இருக்கலாம்” என்றார்.

“இருக்கலாமுங்களா?”

“ஆம். இருக்கலாம். இரண்டு மாதம் பொறுத்து வாருங்கள். வளர்ந்தால் எடுத்துவிடலாம். வளராவிட்டால் நூல்தான்.”

“கீழயே வந்து குடியிருந்தா நல்லதுங்களா? ஊட்டுக்காரர் மாத்தலுக்கு எழுதிப் போட்டிருக்காரு.”

“உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது அந்த நோய்க்குத் தெரியாது” என்றார்.

வெளியே வளையல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள், நின்றாள், என்னைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். “போட்டுக்கோ” என்றேன். “வேண்டாமுங்க” என்றாள். நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினேன். இடது கையையும் கேட்டார். வீங்கியிருக்கிறது, ஏறாது என்றேன். எனக்கு ஒற்றைக் கைக்குப் பச்சை வளையல், அவளுக்கு இரண்டு கைக்கும் சிவப்பு. மறு நாள் மலை ஏறும்போது முன்னால் அவள் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்து, அது சத்தம் போடாமல் கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் மறுபடி வீசி நடந்தாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் தழும்பில் தட்டுப்பட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய், ஏற்கெனவே பிளந்திருந்த விறகை இன்னும் சின்னதாகப் பிளந்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

“மாத்தல் உனக்காகக் கேக்கல” என்றார். “நீ இல்லாம போயிட்டா, இந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டு நான் இந்த மலையில எப்படி இருப்பேன்? கீழ போனா உங்கக்கா இருக்காங்க, என்ற தங்கச்சி இருக்குது. அத நெனச்சுத்தான் எழுதினேன்.”

நான் போன பிறகு நடக்க வேண்டியதை அவர் அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருந்தார். எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. வீட்டில் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிற மாதிரி ஒரு நாற்றம் மாசக்கணக்காக இருந்தது, அவர் கதவைத் திறந்து இங்கேதான் என்று காட்டினார். உட்கார்ந்து பேசினோம். நான் இல்லாவிட்டால் பெண் யாரிடம் வளர்வது, என் அக்காவிடமா அவர் தங்கையிடமா என்று பேசினோம். அவர் தங்கை பிள்ளைகளை அடிப்பாள், அதனால் அக்கா என்று முடிவானது. சின்ன வகுப்பை யார் பார்ப்பது என்று பேசினோம். அதற்கு ஆள் தோன்றவில்லை. “அப்ப நான் இருந்துதான் ஆகோணும்” என்றேன். அவர் அழுதார். அழுது முடித்துவிட்டு, மாற்றல் வந்தாலும் வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். எழுதிவிடுங்கள் என்றேன். கீழே போனால் நான் நோயாளியாக மட்டும்தான் இருப்பேன். இங்கே பிள்ளைகளாவது இருந்தார்கள்.

அந்த இரண்டு மாதம்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். சிலேட்டுக் குச்சியெல்லாம் இனிமேல் உதவாது. ஆனால் முதல் சந்தை நாள் காலையிலேயே ஓடைக்காரி வந்துவிட்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். தட்டி மறைப்புக்கு வெளியே நின்றாள்.

“பாத்துட்டீங்களா?”

“இனிமேத்தான்.”

“பாக்காதீங்க, நான் பாக்கறேன். நீங்க தொட்டா ஒரு நாளைக்குப் பெருசாத் தெரியும், ஒரு நாளைக்குச் சின்னதாத் தெரியும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.”

மடியிலிருந்து நாலைந்து காய்ந்த மிளகை எடுத்தாள், சிறிதும் பெரிதுமாக. என் தழும்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். மற்ற கையில் மிளகை உருட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். “இத்தனைதான் இருக்குது” என்று சொல்லி அதை முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

ஒவ்வொரு சந்தை நாளும் வந்தாள். அவிழ்த்து, அழுத்தி, உருட்டி, “அதேதான்” என்பாள். ஒரு வாரம் மழை கொட்டி ஓடை நிரம்பிவிட்டது. அவள் வர முடியவில்லை. அக்கரையில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, தொடாதீங்க, நாளைக்கு வாரேன் என்று கத்தினாள். நான் தொடவில்லை. என்னால் அது முடிந்தது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. நானே பார்த்துக்கொண்டிருந்த வரையில், ஒன்றும் இல்லை என்று என் கை சொன்னதை நான் நம்பியதில்லை. அவள் கை சொன்னதை நம்பினேன். அவளுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவளுக்குப் பயம் இல்லை, அதாவது என் உடம்பைப் பற்றி என்னளவு பயம் இல்லை. அது போதுமானதாக இருந்தது.

அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து போவதை ஊர் பார்த்தது. அவள் பிள்ளைகள் மறுபடி வகுப்புக்கு வந்தார்கள். பிறகு மற்றவர்களும் அனுப்பினார்கள். ஆடு மேய்க்க ஆள் கிடைத்துவிட்டது போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா பார்த்தார். வளரவில்லை. “நூல்தான் என்று நினைக்கிறேன்” என்றார். நினைக்கிறேன் என்றுதான் சொன்னார். முன்பு அந்த ஒரு சொல்லை நான் மலை ஏறும் வரை மென்றுகொண்டிருப்பேன். அன்று பஸ்ஸில் தூங்கிவிட்டேன். அக்கா ஊர் வந்ததும், துணைக்கு வந்திருந்த ஓடைக்காரிதான் எழுப்பினாள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்கும்போதும் பெண்ணிடம் எரிந்து விழுவேன். அவர் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுவார். போய் வந்ததும் சரியாகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அது மழைக்காலம், வெயில்காலம் மாதிரி பழகிப்போனது. இடைப்பட்ட நாட்களில் நான் நோயை மறந்து இருந்ததும் உண்டு. ஒருமுறை பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தபோது, நேற்று முழுக்க அதை நினைக்கவே இல்லை என்று திடீரென்று தோன்றியது. கையெல்லாம் பால் ஒட்டியிருந்ததால் எழுந்திருக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சண்டை முடிந்த பிறகு டாக்டரம்மா சீமைக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். முழுக்கப் பார்த்துவிட்டு, எந்த வருஷம் அறுத்தது என்று கேட்டாள். சொன்னேன்.

“இவ்வளவு நாள் ஆயிடுத்தே. இனிமே நீங்க வர வேண்டாம்” என்றாள். “ஏதாவது உடம்புக்கு வந்தா மட்டும் வாங்கோ.”

“வர வேண்டாமுங்களா?”

“வேண்டாம்.”

நான் எழுந்திருக்கவில்லை. அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். அந்த ஆள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எழுந்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் இத்தனை வருஷம் என்னைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கையை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது. எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷம் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் மார்கழியில் இருமல் பிடித்தது. நாட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. கீழே போனேன். அந்தப் புது டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள், மூச்சை இழுத்து விடச் சொன்னாள், மறுபடி கேட்டாள். வெறும் சளிதான் என்று சொல்லி ஒரு புட்டி மருந்து கொடுத்தாள். கசப்பாக இருந்தது. முடிகிற வரைக்கும் குடித்தேன், இருமல் நின்றுவிட்டது.